கைமாறிய செடிகள்

கொளத்தூரில் வண்ண மீன் வாங்க வருகிறவர்கள் முதலில் மீனைப் பார்ப்பார்கள், அப்புறம் தொட்டியை, அப்புறம் மோட்டாரை. செடி கடைசியில்தான். "பிளாஸ்டிக்கே குடுங்கண்ணா, அது அழுகாது" என்பார்கள். நான் அங்கே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் இதே பேச்சுதான். உயிர்ச்செடி என்று கடையில் இருந்தவை, நீல டப் ஒன்றில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய சில கொத்துகள். வாரக் கடைசியில் விற்காமல் மிஞ்சியதைக் குப்பையில் கொட்டிவிடுவோம். அப்படிக் கொட்டப் போன வாலிஸ்நேரியாவை வீட்டுக்கு எடுத்துப்போய், மொட்டைமாடியில் ஒரு சிமென்ட் தொட்டியில் நட்டேன். இன்று அந்தக் கடைத்தெருவுக்கே செடி கொடுக்கிற வேலை அங்கிருந்து தொடங்கியது.

அந்த வாலிஸ்நேரியா பிழைத்ததற்குக் காரணம் என் கைராசி இல்லை, எங்கள் தெருவின் போர் தண்ணீர். வாளியில் வெள்ளைப் படலம் படிகிற, பருப்பு சரியாக வேகாத தண்ணீர். தண்ணீருக்குள் வளரும் செடிக்கு முதல் பற்றாக்குறை கரியமில வாயுதான். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. பல செடிகளுக்குக் கரைந்த வாயுவை மட்டுமே எடுக்கத் தெரியும். வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, செரட்டோஃபில்லம் போன்றவை அப்படியல்ல. கடினநீரில் நிறைந்து கிடக்கிற பைகார்பனேட்டிலிருந்தும் அவை கார்பனை எடுத்துக்கொள்ளும். எந்தத் தண்ணீரைச் சபித்துக்கொண்டு குளித்தோமோ, அதுவே இந்தச் செடிக்குச் சாப்பாடு. ரிப்பன் போன்ற இலைகள் ஓர் ஆள் கை நீளத்துக்கு வளர்ந்தன. மண்ணுக்கடியில் ஓடுதண்டு விட்டு, ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரு குட்டிச் செடி முளைத்தது. சில மாதங்களில் தொட்டியில் கை நுழைய இடமில்லை.

செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கும் என்பதைச் சோதித்துக் காட்டியதும் இதே வாலிஸ்நேரியாதான். லண்டன் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாவையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்து, முடிவை 1850இல் வெளியிட்டார். நடுவில் அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டதும் அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. நத்தையைப் பார்த்தாலே தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறவர்களிடம் இந்தக் கதையைத் தவறாமல் சொல்வேன். நத்தை பெருகுகிறது என்றால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று பொருள். தீனியைக் குறைத்தால் அதுவும் குறையும்.

இந்தத் தொழிலில் நான் கண்ட முதல் விதி, தண்ணீரைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுப்பது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஜப்பானின் நிகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ அமைத்த தொட்டிகளின் படங்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். அமானோ பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் தொட்டிகளில் மலையும் புல்வெளியும் இருந்தன. ஆனால் அந்தச் செடிகளில் பல, குளிர்ந்த மென்னீரையும் சிலிண்டரிலிருந்து சொட்டுச் சொட்டாக வரும் கரியமில வாயுவையும் நம்பி வளர்பவை. நம் வீட்டில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் வாயு கரைவது குறையும். செடி கருகும், பாசி பிடிக்கும், மூன்று மாதத்தில் தொட்டி பரணில் ஏறும்.

எனக்கு ஒத்துவந்தது அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999இல் ஒரு நூலாக எழுதி வெளியிட்ட முறை. உரம் போடாத தோட்டமண் அடியில் ஒரு அங்குலம், அதற்கு மேல் சரளை ஒரு அங்குலம், ஜன்னலோரம் கொஞ்சம் வெளிச்சம், வேகமாக வளரும் செடிகள் ஏராளம். மண்ணில் மட்கும் பொருளே கரியமில வாயுவைத் தரும். மீன் கழிவைச் செடி உரமாக எடுத்துக்கொள்ளும். செலவு சொற்பம். முதல் சில வாரம் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மண்ணை விரலால் கிளறினால் மண்வாசனை வர வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மண் இறுகிக் காற்றில்லாமல் போய்விட்டது என்று பொருள். வேரும் கறுத்திருக்கும். நல்ல வேர் வெள்ளையாக, இழுத்தால் இழுபடாமல் இருக்கும்.

நம் வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் பொருந்திய செடிகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா இந்தியச் செடி, நீர்முள்ளியின் இனம். கிள்ளி நட்டால் போதும், வளரும். மருந்துக் கடையில் பொடியாக விற்கிற நீர்ப்பிரம்மி தொட்டிக்குள் தடித்த சின்ன இலைகளோடு நிமிர்ந்து நிற்கும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டி, பெக்கெட்டி இரண்டும் கடினநீரில் அசராதவை, குறைந்த வெளிச்சத்திலும் தாக்குப்பிடிப்பவை. மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாஸும் தென்கிழக்கு ஆசியாவின் ஜாவா ஃபெர்னும் வெளியூர்க்காரர்கள்தான் என்றாலும் நம் வீட்டுக்குப் பழகிவிட்டவை. இவை இரண்டின் கிடைத்தண்டையும் மண்ணில் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும். ரோட்டாலா மக்ராண்ட்ரா என்று ஒரு சிவப்புச் செடி. தென்னிந்தியாவில் பிறந்தது. ஆனால் ஓடையின் மென்னீரில் வளர்ந்தது என்பதால் போர் தண்ணீரில் சுருங்கிவிடும். நம் ஊர்ச் செடி என்பதாலேயே நம் குழாய்த் தண்ணீருக்கு ஒத்துவரும் என்று நினைக்க முடியாது.

கிரிப்டோகோரைனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் பேர் குப்பையில் எறிகிற செடி அதுதான். வாங்கிப்போன ஒரு வாரத்தில் போன் வரும். "அண்ணே, நீங்க குடுத்தது மொத்தமா கரைஞ்சு கூழாயிடுச்சு." நான் கேட்பது ஒன்றுதான்: "வேர் இருக்குதா தம்பி?" இருக்கும். இடம், தண்ணீர், வெளிச்சம் எது மாறினாலும் இந்தச் செடி பழைய இலைகளை மொத்தமாகக் கைவிட்டுவிடும். கூழை மட்டும் அள்ளி எறிந்துவிட்டு, வேரைத் தொடாமல் விட்டால், சில வாரத்தில் புதுத் தண்ணீருக்கு ஏற்ற இலைகளோடு எழும். அதன்பின் அதை அசைக்கவே கூடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. நர்சரிகளில் பல நீர்ச்செடிகளைத் தண்ணீருக்கு வெளியே, ஈர மண்ணில்தான் வளர்க்கிறார்கள். காற்றில் கரியமில வாயு தாராளம், பாசி இல்லை, வளர்ச்சி வேகம். அப்படி வளர்ந்த இலை தடித்து உருண்டிருக்கும். தொட்டிக்குள் வைத்ததும் அது உதிர்ந்து, மெல்லிய நீர் இலை வரும். வாங்குகிறவருக்கு இதைச் சொல்லாமல் விற்பது நியாயமில்லை என்பது என் கட்சி. நான் எந்தக் கொத்தைக் கொடுத்தாலும் மூன்று விஷயம் சொல்லித்தான் கொடுப்பேன்: தண்ணீருக்குள் வளர்ந்ததா வெளியே வளர்ந்ததா, எந்தத் தண்ணீர், எவ்வளவு வெளிச்சம்.

கொட்டிச் செடியும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மூதுரையில் ஔவையார் ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்துச் சொல்கிற கொட்டி, குளம் வற்றினாலும் குளத்தை விட்டுப் போகாத உறவுக்கு உவமையாக வருவது. உண்மையிலேயே அது அப்படித்தான். இலைகள் போனபின் கிழங்கு சேற்றுக்குள் உறங்கும், மழை வந்ததும் தழைக்கும். தொட்டிக்குள்ளும் சில மாதம் அலையலையாக இலை விட்டு அழகு காட்டிவிட்டு, ஒருநாள் இலைகளை உதிர்த்துவிடும். செத்துவிட்டது என்று கிழங்கைத் தூக்கிப் போடுகிறார்கள். எடுத்து ஈர மணலில் வைத்து ஒன்றிரண்டு மாதம் ஓய்வு கொடுத்தால் மறுபடி முளைக்கும்.

மொட்டைமாடி வேலைக்கு ஓர் ஆண்டுச் சுற்று இருக்கிறது. தை, மாசி நல்ல காலம். பங்குனியிலேயே பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டிவிட வேண்டும். ஜாவா மாஸையும் ஃபெர்னையும் மாடிப்படிக்குக் கீழே இறக்கிவிடுவேன், வெயிலில் அவை பழுப்பாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எல்லா டப்பிலும் விளிம்புக்குச் சற்றுக் கீழே துளை போட்டு வலை ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இரவு மழையில் மிதக்கும் செடியெல்லாம் வழிந்து சாக்கடைக்குப் போய்விடும். டப் ஒவ்வொன்றிலும் கப்பி மீன் கட்டாயம். டெங்கு கொசு தேடி வரும் மாநகராட்சி ஊழியர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஒரு புழுகூட இருக்காது.

கொசுவைக் கப்பி பார்த்துக்கொள்ளும், தட்டானை யார் பார்த்துக்கொள்வது? திறந்த தொட்டியில் தட்டான் முட்டையிடும். அதன் இளம்பூச்சி தண்ணீருக்குள் ஒளிந்து வளர்ந்து மீன் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். மாடியில் வளர்ந்த செடியோடு அது அடுத்தவர் தொட்டிக்கும் போய்ச் சேரும். அதனால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கொத்தையும் வெள்ளை ட்ரேயில் உதறிப் பார்க்க வேண்டும். நத்தை முட்டை இலையின் அடியில் ஜெல்லி போல ஒட்டியிருக்கும், விரலால் வழித்துவிடலாம். படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்து அலசிக் கொடுப்பதும் எனக்குப் பழக்கம். இறால் வளர்க்கிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். பூச்சிமருந்து தெளித்து வளர்த்த செடியில் ஒட்டியிருக்கும் மிச்சமே இறாலைக் கொன்றுவிடும். வெளியிலிருந்து வந்த செடியை ஒரு வாரமாவது தனி வாளியில் வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும்.

ஹைக்ரோஃபிலா போன்ற தண்டுச் செடிகள் வளர வளர மேலிலைகள் கீழே வெளிச்சத்தை மறைக்கும். அடித்தண்டு மொட்டையாகும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் வெட்டிய இடத்தில் இரண்டு கிளை வரும், வெட்டிய நுனியை நட்டால் அதுவும் செடியாகும். ஆக, வெட்டாமல் விட்டால்தான் செடி கெடும். வெட்டினால் இரண்டு பங்கு கையில் நிற்கும், அந்த உபரியை என்ன செய்வது? பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது போலத்தான் இது. கொடுத்தவர் பாத்திரத்தில் எதுவும் குறைவதில்லை. நம் வீட்டில் புரை கெட்டுப்போன நாளில் அவர்களிடம் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு கடைக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. "சும்மா குடுத்தா வியாபாரம் என்னாகும்பா?" என்று என் முதலாளியே கேட்டிருக்கிறார். செடி பிழைத்த தொட்டியில் மீன் பிழைக்கும், மீன் பிழைத்தவர் திரும்பக் கடைக்கு வருவார், செத்தவர் வரமாட்டார் என்பதுதான் என் பதில். பின்னாளில் அவரே முதல் தொட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு கொத்து வாலிஸ்நேரியாவைக் கையில் திணிக்க ஆரம்பித்தார். நான் வைத்திருக்கும் வழக்கம் இது: வாலிஸ்நேரியா, ஹைக்ரோஃபிலா, ஜாவா மாஸ் ஆகியவற்றைக் கேட்பவர்களுக்கு இலவசமாகத் தருவேன். அனுபியாஸ், கிரிப்டோகோரைன் ஆகியவற்றுக்குக் காசு. அனுபியாஸ் ஒரு புது இலை விடவே வாரக்கணக்கில் ஆகும். அந்தக் காலத்துக்குத்தான் விலை. பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்குக் கொத்துகளை எடுத்துப் போன காலத்திலும் இதையேதான் செய்தேன்.

வெளியூருக்கு அனுப்பும் செடியைத் தண்ணீர் நிரப்பிக் கட்டுவது பலரும் செய்யும் வழக்கம். தண்ணீருக்குள் குலுங்கிக் குலுங்கி இலை நசுங்கும், சூடாகும், அழுகும். செடிக்குத் தேவை ஈரமும் காற்றும். நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் வேரைச் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அடைத்துக் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் போதும். மாலையில் ஆம்னி பஸ் பார்சலில் போட்டால் காலையில் மதுரையில் எடுத்துக்கொள்வார்கள். இரவுப் பயணம் என்பதால் சூடும் ஏறாது. மாஸ் ஒரு வாரம்கூடத் தாங்கும். சித்திரை, வைகாசியில் மட்டும் யார் கேட்டாலும் அனுப்புவதில்லை.

இப்படிக் கொடுத்து வைத்ததன் பலனை 2015 டிசம்பரில் கண்டேன். மழையும் வெள்ளமும் மின்வெட்டும் சேர்ந்து எங்கள் பகுதியில் மீன் வளர்ப்பவர்களைப் புரட்டிப்போட்டன. என் வீட்டுக் கீழ்த்தளத் தொட்டிகளும் போயின. பழுப்பு இலை வெண்டி ஒன்றை ஆண்டுக்கணக்கில் பிரித்துப் பிரித்துப் பெருக்கி வைத்திருந்தேன், அது வேரோடு போனது. பொங்கலுக்குப் பிறகு திருச்சியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. முன்பு என்னிடமிருந்து அதே செடியில் ஒரு கன்று வாங்கிப்போன கல்லூரி ஆசிரியை அனுப்பியிருந்தார். "உங்க செடிதாங்க, உங்களுக்கே வருது" என்றார் போனில். இன்று கொளத்தூர்க் கடைகளில் நான் கொடுக்கிற பழுப்பு வெண்டி எல்லாம் அந்தப் பார்சலின் வாரிசுகள். நான் யாருக்கும் கொடுக்காமல் பொத்தி வைத்திருந்தால் அந்தச் செடி அந்த மழையோடு முடிந்திருக்கும்.

2019 கோடையில் கதை நேர்மாறு. செங்குன்றம், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை நிற்கும்போது மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற யாருக்கு மனம் வரும்? பல வீடுகளில் தொட்டியைக் கலைத்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சாத குறையாகச் சொன்னேன், செடியைத் தூக்கி எறியாதீர்கள் என்று. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு விரல் மண், அதை நனைக்கிற அளவு தண்ணீர், கிரிப்டோகோரைனையும் நீர்ப்பிரம்மியையும் நட்டு மூடி, ஜன்னலோரம் வைத்துவிட்டால் போதும். உள்ளே ஈரம் சுற்றிச் சுற்றி வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் செடி மாதக்கணக்கில் இருக்கும். நர்சரிக்காரர்களின் அந்த வித்தை அந்தக் கோடையில் எங்களுக்குக் கைகொடுத்தது. மழை வந்தபின் அந்த டப்பாக்களிலிருந்துதான் பல தொட்டிகள் மறுபடி பச்சை கண்டன.

கொடுப்பதற்கு ஓர் எல்லையும் உண்டு, அதில் நான் கறாராக இருப்பேன். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடையிலிருந்து பிடுங்கி வந்த செடி என்று யாராவது பெருமையாகக் கொண்டுவந்தால் வாங்க மாட்டேன். சில செடிகள் ஒன்றிரண்டு ஓடைகளில் மட்டுமே வாழ்பவை, பத்துப் பேர் போய்வந்தால் தீர்ந்துவிடும். வளர்த்துப் பெருக்கிய செடி கைமாறட்டும், காட்டுச் செடி காட்டில் இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், தொட்டிச் செடி ஏரிக்கும் குளத்துக்கும் போகக் கூடாது. நம் குளங்களில் சாதாரணமாகக் கிடக்கும் ஹைட்ரில்லா 1950களின் தொடக்கத்தில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனது. அங்கே கால்வாய்களில் கலந்து ஏரிகளை அடைத்துக்கொண்டது. இன்றும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் செலவழித்து அதை அகற்றுகிறார்கள். நம் பக்கம் வந்தவையும் உண்டு. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று அழைக்கப்படும் சால்வினியா பிரேசில் செடி. நெல்வயலையும் காயலையும் மூடிய அதைக் கட்டுப்படுத்த 1980களில் அதைத் தின்னும் ஒரு வண்டையே கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. 2020இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்தது என்று கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்தார்கள். அது கபோம்பா, மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் தென்னமெரிக்கச் செடி. அந்தப் படங்களைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. ஒரு துண்டுத் தண்டு தண்ணீரில் விழுந்தால் போதும், புதுச் செடியாகும். இன்று என்னிடம் கபோம்பாவும் இல்லை, சால்வினியாவும் இல்லை. கேட்பவர்களுக்கு ஏன் தரமாட்டேன் என்பதையும் சொல்லியே அனுப்புகிறேன்.

ஆகவே செடி வளர்க்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. வெட்டியதில் நல்ல நுனிகளைக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள், உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். யாருக்கும் வேண்டாத மிச்சத்தை வெயிலில் சருகாகக் காயவைத்துத் தென்னைக்கோ ரோஜாத் தொட்டிக்கோ உரமாகப் போடுங்கள். ஏரியிலோ கால்வாயிலோ கழிவுநீரிலோ ஒரு தண்டைக்கூட விடாதீர்கள்.